திரும்ப வராத தரை

என் கணவர் டைல் ஒட்டுகிறவர். மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்தில் எந்தத் தெருவுக்குள் காரைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு வீட்டைக் காட்டி, "அந்த வீட்டுக் குளியலறை நான் போட்டது" என்பார். வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை மாறியிருப்பார்கள், வாசலில் வேறு நிறம் அடித்திருப்பார்கள். அவருக்கு உள்ளே இருக்கும் தரை மட்டும்தான் நினைவிருக்கும்.

2022-இல் ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. கால்கள் பிழைத்ததே பெரிது என்றார்கள். நடக்கலாம், ஆனால் பாரம் தூக்கக் கூடாது, குந்தி உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கொத்துக்கரண்டி, ரப்பர் சுத்தியல், மட்டம் பார்க்கும் லெவல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு வாளிக்குள் போட்டு ஸ்டோரில் வைத்தார். குந்தாமல் டைல் ஒட்ட முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் இடைநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். காலையில் கிளம்பும்போது அவர் ஹாலில் நாற்காலியில் இருப்பார். மதியம் திரும்பும்போதும் அதே நாற்காலியில் இருப்பார். கையில் போன் இருக்கும், ஆனால் பார்க்கிறாரா என்று தெரியாது. அவரோடு வேலை செய்த இரண்டு பேர் ஆரம்பத்தில் வந்து பார்த்தார்கள். பிறகு வேறு ஆளிடம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டில் அந்தச் சில மாதங்கள் போல அமைதியாக இருந்ததே இல்லை. அது எனக்குப் பிடிக்காத அமைதி.

2023 மார்ச்சில், நோன்பு மாதம் தொடங்கிய சமயம், கணக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். கசங்கிய தொப்பி மாதிரி ஒரு வடிவம். அதற்குப் பதின்மூன்று பக்கங்கள். கீழே இருந்த செய்தியைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் எழுந்து நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். சதுர டைல்களால் தரையை நிரப்பலாம், அறுகோணத்தாலும் நிரப்பலாம். ஆனால் அந்த அமைப்பு திரும்பத் திரும்ப வரும். முழுத் தரையையும் ஒரு கண்ணாடித் தாளில் படியெடுத்து, தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் அப்படியே மறுபடி பொருந்திவிடும். இடைவெளி இல்லாமல் தரையை நிரப்ப வேண்டும், ஆனால் எப்படி அடுக்கினாலும், எவ்வளவு தூரம் நகர்த்தினாலும், அது தன்மேலேயே மறுபடி பொருந்தக் கூடாது. அப்படிச் செய்யக்கூடிய ஒரே ஒரு வடிவம் உண்டா? இந்தக் கேள்வி கணிதக்காரர்களிடம் பல பத்தாண்டுகளாக இருந்தது. முதலில் ஆயிரக்கணக்கான வடிவங்களைச் சேர்த்து வைத்துச் செய்து காட்டினார்கள். பிறகு அது குறைந்து குறைந்து இரண்டில் வந்து நின்றது. ஒன்றால் முடியுமா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. இப்போது, கணிதத்தைத் தொழிலாக வைத்திராத ஓர் இங்கிலாந்துக்காரர், பொழுதுபோக்குக்கு வடிவங்களை வெட்டி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கண்டுபிடித்துவிட்டார். கணிதக்காரர்கள் அவரோடு சேர்ந்து, கம்ப்யூட்டரின் உதவியோடு, அது உண்மைதான் என்று நிரூபித்தும் விட்டார்கள்.

நான் சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லாரியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது மரங்களின் வரிசை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். நேராகப் பார்த்தால் ஒரு வரிசை, சாய்த்துப் பார்த்தால் வேறொரு வரிசை. எத்தனை மைல் போனாலும் அதே வரிசைகள்தான். எனக்குக் கணக்கின் மேல் ஆசை வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். திரும்ப வருவதுதான் ஒழுங்கு என்று அன்றிலிருந்து நம்பியிருந்தேன். திரும்ப வராமலும் ஒழுங்கு இருக்க முடியும் என்று இந்தத் தொப்பி சொன்னது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் போனை அவரிடம் நீட்டினேன்.

"என்னலா இது?" என்றார்.

"டைல். புதுசாக் கண்டுபிடிச்சிருக்காங்க."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லங்க. கணக்கு." படித்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"டீச்சர், இத உங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் காட்டு. எனக்கு எதுக்கு?"

என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடுவது ஒன்று கேலியில், இல்லை கோபத்தில். அன்று எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து, ரொட்டிப் பெட்டி அட்டைகளில் அந்த வடிவத்தை வெட்டினேன். ஒரு தாம்பாளம் நிறைய வந்தது. சாப்பாட்டு மேசையில் படத்தையும் அட்டைகளையும் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது மேசையின் பாதி நிரம்பியிருந்தது. அவர் நின்றுகொண்டே படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கியாவது போயி நிக்கும் பாரு" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "இந்த மாதிரிக் கோணல் வடிவம் எல்லாம் நாலு வரிசைக்கு மேல போவாது."

அது நிற்கவில்லை. மேசை முடிந்து போனது, அட்டைகளும் தீர்ந்து போயின. இன்னும் வெட்டச் சொன்னார்.

எங்கள் தெரு முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் ஒரு தமிழ் முஸ்லிம். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு மாதத்தில் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி அனுப்புவார். அந்த வருஷம் கணவரின் உடம்பை விசாரிக்க அவரே கஞ்சியோடு வந்தார். மேசை முழுக்கப் பரவிக் கிடந்த அட்டைகளைப் பார்த்துவிட்டுத் தூக்கை வைக்க இடம் தேடினார்.

"என்ன மச்சான், சின்னப் பிள்ளையாட்டம் வெளையாடிக்கிட்டு இருக்கீங்க?"

"வெளையாட்டு இல்ல பாய். புது டைல்" என்றார் கணவர். பிறகு நான் அவரிடம் சொன்ன அத்தனையையும் அவர் பாயிடம் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாக, கையால் தாளை நகர்த்திக் காட்டிச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விழுந்ததற்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

பாய் போன பிறகு சொன்னார்: "பின்னாடி துணி தொவைக்கிற எடம் சும்மாதானே கெடக்கு. அதுல போட்டுப் பாக்கலாமா?"

யார் ஒட்டுவது என்று நான் கேட்கவில்லை. போடலாம் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் டைல் அறுக்கும் கிரைண்டரால் வெட்டிப் பார்த்தார். அந்த வடிவத்தில் உள்ளே மடங்கும் மூலைகள் உண்டு. பிளேடு அந்த மூலைக்குப் போனதும் டைல் விரிசல் விட்டது. மூன்று நான்கு உடைந்த பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சிம்பாங் பூலாய் போலாம்" என்றார்.

சிம்பாங் பூலாயில் மலையை வெட்டும் குவாரிகளுக்குக் கீழே பளிங்குக்கல் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு சீனத் தௌகேயிடம், அதாவது பட்டறை முதலாளியிடம், என் கணவர் பல வருஷமாகக் கல் வாங்கியவர். அந்தப் பட்டறையில் இப்போது தண்ணீரால் கல் வெட்டும் இயந்திரம் வந்திருந்தது. ஊசி மாதிரி மெல்லிய குழாயிலிருந்து பொடிமணல் கலந்த தண்ணீர் பயங்கர வேகத்தில் பாயும். கல், டைல், இரும்பு எதுவானாலும் வெட்டும். உள்மூலை, வெளிமூலை எதுவும் அதற்குக் கணக்கில்லை. கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் போதும்.

தௌகே என் கணவரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு நான் வரைந்து கொண்டுவந்திருந்த படத்தைத் திரையில் போட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இனி அப்பா? இக்கானா?" என்று மலாயில் கேட்டார். இது என்ன, மீனா என்று கேட்கிறாராம். தொப்பி என்று சொன்னோம். அவருக்குத் தொப்பியாகத் தெரியவில்லை. ஆனாலும், "போலே, போலே", முடியும் முடியும் என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பட்டறையில் மிச்சம் கிடந்த சாம்பல் நிற டைல்களை இயந்திரத்தில் வைத்தார். தண்ணீர் சீறியது. ஒவ்வொரு தொப்பியாகக் கழன்று விழுந்தது, ஒரு மூலைகூட உடையாமல். என் கணவர் ஒன்றை எடுத்து ஈரத்தோடு ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் சிமெண்டு இல்லாமல் சும்மா அடுக்கிப் பார்த்தோம். அவருக்கு உயரமான முக்காலி ஒன்று போட்டுக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் தரையில் வைத்தேன். கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. பிறகு நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. சரியாக ஒரு டைல் அளவு. ஆனால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உள்ளே போகவில்லை. நான் கலைத்து முதலிலிருந்து அடுக்கினேன். மறுபடியும் அதே மாதிரி ஓட்டை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மேசையில் அட்டையில் வந்தது தரையில் ஏன் வரவில்லை?

அவர் முக்காலியிலிருந்து மெதுவாகக் குனிந்து ஒரு டைலை எடுத்தார். அதைக் குப்புறக் கவிழ்த்தார். மினுமினுப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான முதுகு மேலே. ஓட்டைக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"டீச்சர்" என்றார். "அட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு. நான் தெரியாம கவுத்து வச்சிருக்கேன். டைலுக்கு முதுகு இருக்குலா!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதுகு வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். மினுங்கும் தரையின் நடுவில் அழுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்த அந்த ஒற்றை டைலைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை.

போய்ப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். உண்மைதான். அங்கங்கே சில தொப்பிகள் வேறு நிறத்தில் இருந்தன. அவை கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறியவை. நான் அந்த நிறத்தை அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

"அப்ப இது ஒரு டைல் இல்ல, ரெண்டு டைல்" என்றார் அவர்.

"கவுத்தாலும் அதே வடிவம்தானேங்க. கணக்குல அத ஒண்ணுன்னுதான் எடுத்துக்குவாங்க."

"உன் கால்ல போட்டிருக்கிற செருப்பப் பாரு. இடதும் வலதும் ஒண்ணா? கடையில ஒத்தச் செருப்ப வாங்கிட்டு வருவியா?"

பிறகு இணையத்தில் தேடியபோது கணிதம் தெரிந்தவர்களும் இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் ஒன்றுதான் என்றார்கள், சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

தௌகேயிடம் திரும்பிப் போய், இடம் வலம் மாற்றிச் சில டைல்களை வெட்டி வாங்கி வந்தோம். அவருக்குக் கம்ப்யூட்டரில் அது ஒரு தட்டு. பின்கட்டுத் தரையைப் போட்டு முடித்தோம். சிமெண்டு குழைத்ததும் ஒட்டியதும் நான். முக்காலியில் உட்கார்ந்து, "அழுத்து, இன்னும் அழுத்து, வலது மூல தூக்கியிருக்கு" என்று சொன்னது அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய வேலையை நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. கரண்டியில் சிமெண்டை வாரிப் பரப்பும்போது வரும் சத்தம்கூட எனக்குப் புதிது. என் விரல்கள் வெடித்துவிட்டன. பள்ளியில் மார்க்கர் பிடிக்க முடியவில்லை.

தரை அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல். துணி துவைக்கும்போதெல்லாம் கண் அந்த மாறிய டைல்களைத்தான் தேடிப் போகும். ஒன்று என்று சொன்னார்களே என்று தோன்றும்.

மே மாதக் கடைசியில் அந்த ஆசிரியர்கள் குழுவில் மறுபடியும் ஒரு படம் வந்தது. நான் அப்போது பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படித்ததும் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் அவருக்குப் போன் அடித்தேன்.

"என்னங்க, கவுக்க வேண்டாம்!"

"எதக் கவுக்க வேண்டாம்? அடுப்புல எதாச்சும் வச்சிட்டுப் போனியா?"

அவருக்குப் புரியவைக்கச் சற்று நேரமானது. தொப்பியைக் கண்டுபிடித்த அதே ஆட்கள்தான். அந்தத் தொப்பியையே இழுத்தும் சுருக்கியும் பார்த்திருக்கிறார்கள். தொப்பியில் பக்கங்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம் வருகிற மாதிரி செய்ததும் அதற்கு ஒரு புதுக் குணம் வந்துவிட்டது. கவிழ்ப்பதில்லை என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் போதும், அந்த ஒரே வடிவம், ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டு, எல்லாத் தரையையும் நிரப்பும். திரும்பவும் வராது. கணிதக்காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடுகூட இல்லாமல் செய்ய ஆசை. அதற்காகப் பக்கங்களை வளைத்து இன்னொன்றும் செய்திருந்தார்கள். ஆனால் டைல் ஒட்டுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறதே. டைலை யார் கவிழ்த்து ஒட்டுவார்கள்?

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குலா" என்றார். "வா. கார் போர்ச்சுல போட்டுறலாம்."

கார் போர்ச் என்றால் வாசலில் கார் நிறுத்தும் இடம். தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் படும். பின்கட்டில் தப்பு செய்தால் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். இங்கே அப்படி இல்லை. அவர் அதைத் தேர்ந்தெடுத்தபோதே எனக்குத் தைரியம் வந்தது. தௌகே இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. வெளுத்த பச்சையில் நிறைய, செம்மண் நிறத்தில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார். புது வடிவத்தில் சில டைல்கள் மற்றவற்றோடு சேராமல் வேறு கோணத்தில் சாய்ந்து நிற்கும். அவற்றை மட்டும் செம்மண் நிறத்தில் போடலாம் என்பது என் கணவரின் யோசனை.

அடுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. சில டைல்கள் சேர்ந்து ஒரு கொத்து, அந்தக் கொத்துகள் சேர்ந்து பெரிய கொத்து, அது இன்னும் பெரிய கொத்து என்று வளர்ந்து போகும். அதன்படி நான் பெரிய தாளில் போர்ச் அளவுக்கு வரைபடம் அச்சடித்து ஒரு பலகையில் ஒட்டி வைத்தேன். சனி ஞாயிறுகளில் வேலை. காரை வெளியே நிறுத்திவிட்டோம். அவர் இப்போது முக்காலியை விட்டு இறங்கி, தலையணை போட்டு ஒரு முழங்காலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஒட்ட ஆரம்பித்திருந்தார். டாக்டர் குந்தத்தான் கூடாது என்றார், முட்டி போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவருக்கு ஒரு வாதம். அடுத்த பரிசோதனையில் டாக்டரிடமே கேட்டோம். அளவோடு செய்யலாம் என்றார்.

பாதிக்கு மேல் போன பிறகுதான் சிக்கல் வந்தது. நான் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தட்டும் சத்தம் நின்றுபோனது. வந்து பார்த்தால் அவர் கையில் ஒரு டைலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். எதிரே ஒரு சந்து. எந்த டைலும் போகாத ஒரு கோணல் சந்து.

வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே பின்னால் போனேன். அன்று காலையில் ஒட்டிய ஒரு டைல், சந்துக்குச் சற்றுத் தள்ளி, வரைபடத்தில் இருப்பதற்கு மாறாக இருந்தது.

"இந்த எடத்துல தாளப் பாக்கலையா?"

"பாக்கல. பொருந்துச்சு, வச்சேன்."

அவருடைய தொழிலில் அதுதான் விதி. பொருந்தினால் சரி. ஆனால் இந்த வடிவம் அப்படி இல்லை. ஓர் இடத்தில் இரண்டு விதமாகவும் பொருந்தும். இரண்டில் ஒன்றுதான் மேலே போக விடும். மற்றது கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு வழியை அடைத்துவிடும். எங்கே தப்பு செய்தோம் என்று அந்த நேரத்தில் தெரியாது. நானும் இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நிரூபித்துவிட்டார்கள் என்றால் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிரப்ப முடியும் என்பதற்குத்தான் நிரூபணம். நம் கை அதை நிரப்பிவிடும் என்பதற்கு இல்லை.

சிமெண்டு பிடித்துவிட்டிருந்தது. உளியை எடுத்து இரண்டு டைலைப் பெயர்த்தார். மூன்றாவது உடைந்தது. அவர் உளியைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடியும் அந்த அமைதி வந்துவிடுமோ என்று பயந்தேன். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். அன்று முழுக்க வாசல் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலையில் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். போர்ச்சில் தப்பாகப் போன பகுதி முழுவதும் பெயர்க்கப்பட்டுக் கிடந்தது. பழைய சிமெண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார். வரைபடப் பலகையைத் தூணில் சாய்த்து, அதில் ஏற்கெனவே ஒட்டிய ஒவ்வொரு டைலையும் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். மீதித் தரை முழுக்கச் சிமெண்டு இல்லாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"ஒரேடியா ஒட்டக் கூடாது" என்றார். "மொதல்ல முழுசா அடுக்கணும். கடைசி வரைக்கும் போனா, அப்பறம் ஒட்டலாம். போவலன்னா தூக்கி வச்சிரலாம், ஒண்ணும் நஷ்டமில்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், மார்க்கு போடுவியா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை அது கேலிதான் என்று தெரிந்தது.

போர்ச் முடிந்ததும் தெருவில் நடந்து போகிறவர்கள் வாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். குனிந்து விரலால் ஓரங்களைத் தொடர்ந்து போய், ஓர் இடத்தில் விட்டுவிட்டு நிமிர்வார்கள். கோயிலுக்குப் போகிற அக்கா ஒருவர், "இதுல கோலம் போட எடம் எங்கம்மா?" என்று கேட்டார். அதற்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. படிக்கட்டை ஒட்டிச் சில டைல்களைப் பெயர்த்து, ஒரு துண்டைச் சிமெண்டுத் தரையாக்கினோம்.

பாய் வந்து வெகு நேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைமேல் நடந்தும் பார்த்தார்.

"எங்க பள்ளிவாசல் செவுத்துல பூவேல எல்லாம் திரும்பத் திரும்ப வரும். பாத்தா மனசு அடங்கும். இதப் பாத்தா கண்ணு நிக்கவே மாட்டேங்குது. ஒரு எடம் மாதிரி இன்னொரு எடம் இருக்கவே இருக்காதாம்மா?"

"அப்படி இல்லங்க பாய்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஆசை. "இந்தத் தரை முடிவே இல்லாமப் போகுதுன்னு வச்சுக்குங்க. நீங்க நிக்கிற எடத்தச் சுத்தி இருக்கிற மாதிரியே அச்சு அசலா இன்னொரு எடம் எங்கியாவது இருக்கும். ஒண்ணு இல்ல, கணக்கே இல்லாம இருக்கும். எவ்வளவு பெரிய துண்டு எடுத்தாலும் அதே மாதிரித் துண்டு இருக்கும். ஆனா முழுத் தரையும் மட்டும் ஒருநாளும் தன்னையே திரும்பிச் சொல்லாது."

பாய் தலையாட்டினார். புரிந்ததா இல்லை மரியாதைக்கா என்று தெரியவில்லை. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "மச்சான், கடையப் பெருசாக்குறேன். தேத்தண்ணி ஆத்துற எடத்துக்குப் பின்னாடி செவுரு வெறுமையா இருக்கு. இதப் போட்டுத் தருவீங்களா?"

"செவுத்துக்கு நான் ஏற முடியாதே பாய்."

"நீங்க ஏன் ஏறணும்? ஆள் வச்சு ஏத்துங்க. நீங்க கீழ நின்னு சொல்லுங்க."

அப்படியொரு வழி இருப்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை. அவர் பழைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் போன் செய்தார். ஒருவர் உடனே வந்தார். மற்றவர் தன் புது முதலாளியிடம் செய்துகொண்டிருந்த வேலையை முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். பாய் கடையை மூடாமலே வேலை நடந்தது. ஒரு பக்கம் ரொட்டி சானாய்க்கு மாவு தட்டுகிற சத்தம், ஒரு பக்கம் ரப்பர் சுத்தியல் சத்தம். பள்ளி முடிந்ததும் நான் நேராக அங்கே போவேன். சுவர் அளவுக்கு டைல்களை முதலில் கடையின் பின்பக்கத் தரையில் முழுக்க அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்டு, அதே வரிசையில் மேலே ஏற்றினார்கள். நடுவில் என் கணவர் முக்காலியில், மடியில் வரைபடத்தோடு.

"அண்ணே, இது இங்க பொருந்துதுலா" என்று மேலே நின்றவர் ஒரு தடவை கத்தினார்.

"பொருந்தும். ஆனா அது இல்ல. நம்பரப் பாரு."

பெரிதாக்கிய கடையைத் திறந்த அன்று கூட்டத்தில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நுரை பொங்க ஆற்றிய தே தாரே தேநீர்க் கோப்பையோடு ஆட்கள் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். தேநீர் ஆற்றுகிறவருக்குத்தான் கஷ்டம், எல்லோரும் தன்னையே முறைக்கிறார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டாராம். சிம்பாங் பூலாய் தௌகேயும் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் தன் மகளிடம் சுவரைக் காட்டிக் கன்டனீஸில் என்னமோ நீளமாகச் சொன்னார். கையால் அந்தத் தண்ணீர் ஊசியின் அசைவைக் காட்டியதிலிருந்து, நான் வெட்டியது என்கிறார் என்று புரிந்தது.

இப்போது அவருக்கு வேலை வருகிறது. முன்பு மாதிரி இல்லை, குறைவுதான். பெரும்பாலும் சாதாரணச் சதுர டைல் வேலைகள். அந்த இரண்டு பேரும் ஒட்டுகிறார்கள், இவர் அளந்து சொல்கிறார். முதுகு சில காலைகளில் மக்கர் செய்யும். அன்றைக்கு வீட்டில் படுத்துக்கொண்டே போனில் வேலை வாங்குவார். அந்தப் புது வடிவத்தைக் கேட்டு வருகிறவர்களும் அவ்வப்போது உண்டு. போன மாதம் சித்தியவானில் ஒரு பாலர் பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குக் கேட்டார்கள். அளவெடுக்க நானும் கூடப் போனேன். விடுமுறை நாள், நான்தான் வண்டி ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் புது வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவர்கள் பாதி எழும்பி நின்றன.

"ஏம்மா" என்றார் திடீரென்று. "தரைக்குக் கண்டுபிடிச்சிட்டாங்க. செங்கல்லுக்கு?"

"செங்கல்லுக்கு என்ன?"

"ஒரே மாதிரிச் செங்கல்லு. நாலு பக்கமும், மேலயும் கீழயும் அடுக்கிக்கிட்டே போவணும். சந்தே இருக்கக் கூடாது. திரும்பவும் வரக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா? இருந்தா எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. ஏதோ படித்த மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"தெரியலங்க. தேடிப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சீக்கிரம் படி" என்றார். "கவுக்கலாமா கூடாதான்னு அத மொதல்ல பாரு."